திப்பிக் கோடு

எங்கள் மைதானத்துக்குச் சுண்ணாம்பு வாங்குவதில்லை.
முதலாளியின் சேகோ ஆலையில்
காய்ந்த திப்பியை இடித்துக் கோடு போடுவோம்.
பாதி ஆட்டத்தில் ஆடு வந்து
கார்னரை நக்கிவிட்டுப் போகும்.

மாதேசனுக்கு எண்பத்திரண்டு.
செவ்வாயும் வெள்ளியும் அஞ்சு ரோட்டில் டயாலிசிஸ்.
சனிக்கிழமை கார்க் கதவைத் திறந்துவைத்து
உட்கார்ந்தபடியே ரெஃப்ரியைத் திட்டுவார்.
இப்போதெல்லாம்
திட்டு முடிவதற்குள் மூச்சு முடிகிறது.

போன வாரம் மருமகன் வந்தார்.
என் கோல்போஸ்ட்டிலிருந்து
ஆத்தூர் ரோடு வரை டேப் பிடித்தார்.
"கொஞ்சம் நகருங்க."
எதிராளி காலைப் பார்த்து நகர்ந்தே பழகியவன் நான்.
டேப்பைப் பார்த்து நகர்ந்தேன்.

இன்று லீக் படிவம்.
ஓராண்டா, மூன்றாண்டா என்று இரண்டு கட்டம்.
கட்டிய லேஸையே மறுபடி கட்டக்
குனிந்துகொண்டோம் எல்லாரும்.
காகிதத்துக்கு மேலே பேனா நடுங்கியபடி நின்றது,
பெனால்டிக்கு விசில் வராத நேரம் மாதிரி.

மூன்றில் போட்டார்.
டிக்கின் வால் கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது.
"அவுட்டு" என்றான் லூர்து.
முதலில் சிரித்தது அவர்தான்.

அப்புறம் யாரையும் பார்க்காமல் கேட்டார்:
"மூணு வருசப் பணத்தையும் இப்பவே கட்டிட்டா
யாரும் திருப்பிக் கேக்க முடியாதில்ல?"