இடம்: பினாங்கு

உடல் நீளம் பதினொன்று புள்ளி நான்கு மில்லிமீட்டர்.
பெண்.
நான்காம் இணைக் கால்களே மிக நீளம்.
மதுசாரத்தில் இட்டபின் நிறம்: வெளிர்பழுப்பு.

உயிரோடிருந்தபோது
வெயிலில் தூக்கிப் பார்த்த கோப்பி ஓ.
அப்படி எழுத லிம் சியூ ஹோங் ஒப்பவில்லை.
"கோப்பிக்கு நூறு நிறம், யோகமலர்."
வெட்டிவிட்டேன்.

கொடிமலையில் ஒரு மண்கரை.
பாசி ஒட்டிய மூடி,
இருபது காசு அகலம்.
மூன்று முறை அதன்மேல் கையூன்றி ஏறியிருக்கிறேன்,
மலை என்றே நினைத்து.

இடுக்கி நுனியால் விளிம்பைத் தூக்கியதும்
உள்ளிருந்து யாரோ இழுத்துப் பிடித்தார்கள்.
ஆம், யாரோ. 'எது' என்று அப்போது தோன்றவில்லை.
கழிவறைக் கதவைத் தட்டினால்
"ஆள் இருக்கு" என்பார்களே, அதுபோல.
நான் விட்டேன்.
அது விடவில்லை.
பிறகு நானும் விடவில்லை.

அந்த இழுவையை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

பெயருக்கு இன்னும் தகராறு.
மலையின் பெயர் என்கிறார் ரோஸ்லான்,
பணம் தந்த வங்கியின் பெயர் என்கிறது மேலிடம்.
அது வாசலில் இழுத்துவைத்திருந்த
ஏழு பட்டிழைகளுக்கு
எறும்பின் நடைதான் தெரியும்.

ஆள்கூறுகள் என் நோட்டில் இருக்கின்றன.
அச்சுப்படியில் அழித்துவிட்டோம்.
ஜோடி முந்நூறு வெள்ளி என்று
பிளாஸ்டிக் டப்பாவில் விற்கிறவர்கள்
எங்கள் கட்டுரைகளை
எங்களைவிடக் கவனமாகப் படிக்கிறார்கள்.

ஆகவே, இடம்: பினாங்கு.
அவ்வளவுதான்.
உள்ளிருந்து இரண்டு நகத்தால்
கதவைப் பிடித்தபடி எழுதுகிறேன்.