நாற்பத்து நான்கு திருகாணிகள்

மனிசாவில் ஆகஸ்டு.
திராட்சை காயும் வாசனை
ஆலை மதிலைத் தாண்டி உள்ளே வருகிறது.
நான் பின்லாந்துக் குளிருக்கு
விலை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆறாயிரம் ஹீட் பம்ப்.
தகடு, செம்பு, கம்ப்ரசர் எல்லாவற்றுக்கும்
விலைப்பட்டியல் உண்டு,
தொலைபேசியில் கேட்டாலும் சொல்வார்கள்.
பட்டியலில் இல்லாதது கை.
கை எடுக்கும் நேரம், கை தேடும் நேரம்,
உருண்டோடிய வாஷரைக்
குனிந்து பொறுக்கும் நேரம்.
அதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்,
ஒரு ஸ்டாப்வாட்ச்சோடும்
எங்கே போட்டாலும் யாருக்கும் பிடிக்காத
ஒரு நாற்காலியோடும்.

குலிசார் பற்றவைக்கிறாள்.
நீலச் சுடர். வெள்ளிக் கம்பி.
கருகுவதற்கு முன் செம்பு
ஒரு கணம் வெட்கப்படும், அப்போது தொடவேண்டும்.
இணைப்புக்கு முப்பத்தெட்டு விநாடி. சரி.
பிறகு ஏப்ரன் பையிலிருந்து
பல் மருத்துவர் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடி ஒன்றை எடுத்துக்
குழாயின் முதுகைப் பார்க்கிறாள்.
பதினொரு விநாடி.
வேலைக் குறிப்பில் அப்படி ஒரு வரியே கிடையாது.

எதற்கு என்றேன்.
"முன்பக்கம் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்"
என்றாள், முகமூடியைத் தூக்காமலே.

இருபத்து மூன்று இணைப்பு, பதினொன்று வீதம்.
நாலு நிமிடம் பதின்மூன்று விநாடி.
ஆறாயிரத்தால் பெருக்கினால்
நானூற்றிருபத்தொரு மணி நேரம்,
மேலே நாற்பது நிமிடம்.
தாசின் பே சிவப்புப் பேனாவைத் திறந்தார்.
"கண்ணாடியை எடு. கசிந்தால் அப்புறம் பார்க்கலாம்."
அப்புறம் பார்ப்பது வேறு துறையின் செலவு.
என் தாளில் விழாது.
நம் தாளில் விழாதது செலவே இல்லை என்பது
இந்த மாடியில் பாதிப் பேருக்கு வேதம்.

இரவு வரைபடத்தை விரித்து
பின் தகட்டை எண்ணினேன்.
நாற்பத்து நான்கு திருகாணி.
யார் சொன்னது நாற்பத்து நான்கு?
யாருக்கும் தெரியவில்லை.
பழைய மாடலில் இருந்தது,
இதிலும் வந்து ஒட்டிக்கொண்டது.
விளிம்பை மடித்துக் கொக்கியாக்கினால்
எட்டே போதும்.
மிச்சம் முப்பத்தாறு, ஏழு விநாடி வீதம்
இருநூற்றைம்பத்திரண்டு.
குலிசாரின் கண்ணாடிக்கு
ஒரே ஒரு விநாடி இடித்தது.
அதைக் கழிப்பறைக்கும் கழுத்துவலிக்குமாய்
ஒதுக்கியிருந்த சதவீதத்தில் செருகினேன்.

ஒப்பந்தம் கிடைத்தது.
கேக் வெட்டினார்கள், க்ரீம் உருகிக்கொண்டிருந்தது.
குலிசார் வழக்கம்போல
குழாயின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
தனக்காக ஒரு போர் நடந்ததை அறியாமல்.

திருகாணி முடுக்கியது பெத்ரி.
நான் பெருக்கியபோது
ஏழு விநாடிக்குப் பெயர் இருக்கவில்லை.
திங்களன்று அவனை
இரவு ஷிப்டுக்கு மாற்றினார்கள்,
பேக்கிங்கில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே.

ஷிப்டு மாறும் வேளையில்
கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
இடை சிறுத்த தேநீர்க் குவளையில்
சர்க்கரைக் கட்டி இரண்டு போட்டுக்
கலக்கினான்.
நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
காது விடவில்லை:
ஒன்பது விநாடி.