நாற்பத்தேழாம் கோபுரத்தடி

அட்டன் விடுதியின் மேல்மாடியில்
மேசை முழுக்க வரைபடம்.
சுருண்டுவிடாமலிருக்க
நாலு மூலைக்கும் நாலு தேநீர்க் கோப்பை.
நான் மொழிபெயர்க்க வந்தவள்.
எனக்கு நாற்காலி உண்டு, கருத்து இல்லை.

பிறப்பாக்கம் ஒரு கம்பனி.
ஊடுகடத்தல் இன்னொன்று.
பகிர்ந்தளித்தல் மூன்றாவது.
எந்தக் கம்பி எப்போது உயிரோடிருக்கலாமென்று
தூரத்திலிருந்து சொல்லும் அறை,
அதுவும் இனித் தனி.
இருபது வருஷம் ஒரே சோற்றுப் பார்சலைப்
பிரித்துத் தின்றவர்கள்
"தங்கள் தரப்பு" என்று பேசப் பழகிக்கொண்டிருந்தார்கள்.
விதானகே பென்சிலைக் கடித்தார்.
"இந்தக் கவ்வியின் மூன்றாம் ஆணி வரை நாங்கள்."
"நான்காம் ஆணி?" என்றார் குலேந்திரன்.
யாரும் சிரிக்கவில்லை.
நான்காம் ஆணிக்கு அரை மணித்தியாலம் ஆயிற்று.

பிறகு, கோபுரம் நாற்பத்தேழு.
மே மாத மழையில் அடிமண் ஒரு முழம் இறங்கியது.
இரும்பு ஊடுகடத்தலுக்கு.
மண் தோட்டத்துக்கு.
மண்ணைக் கரைத்த கான் யாருக்கு என்றதும்
தோட்டத்துத் துரை சன்னலைப் பார்த்தார்.
சாய்கிற தைலமரம் நிற்கும்வரை ஒருவருக்கு,
கம்பியில் விழுந்தபின் வேறொருவருக்கு,
விழுந்துகொண்டிருக்கும்போது?
மழை எந்தத் தரப்பும் அல்ல.
அதை மட்டும் எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு சொல்லில் நான் தடுக்கினேன்.
கீழ்ப்பிரிவு எட்டாம் லயத்தின் கூரைக்கு மேலால்
லைன் போகிறது.
ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்.
மேலே போவது
நூற்று முப்பத்திரண்டாயிரம் வோல்ற்று.
கீழே இருப்பது
பத்துக் குடும்பம், மூன்று மீற்றர்.

பின்னிணைப்பு ஆறில் ஒரு முறைப்பாடு.
கொழுந்து மடுவத்துக் காவல்காரர் சடையாண்டி,
மே இருபத்தொன்று, இரவு பதினொன்று பத்து:
கம்பி தாழ்ந்து தேயிலைக்கு மேல் ஆளுயரத்தில் தொங்குகிறது.
முதல் இலக்கம் சொன்னது: அது எங்களுடையதல்ல, இதை எடுங்கள்.
இரண்டாவது: எங்களுடையதுதான், அணைக்க அவர்கள் சொல்ல வேண்டும்.
மூன்றாவது: கோபுர இலக்கம் என்ன?
டோர்ச் லைட்டோடு ஏறிப்போய்ப் பார்த்துவந்தார்.
நாற்பத்தேழு என்பதற்குள்
போனில் காசு முடிந்தது.

அதன்பின் அவர் செய்ததற்கு அட்டவணையில் கட்டமில்லை.
குறுக்குப்பாதை வாயில் கொழுந்துச் சாக்கை இழுத்துக் கட்டி
விடியும்வரை நின்றார்.
ஐந்து மணிக்குப் பால் கேனோடு வந்த செவனம்மாவைக்
கெட்ட வார்த்தையில் திட்டி
சுற்றுவழியே அனுப்பினார்.
ஒன்பதுக்கு இரண்டு வாகனங்கள் வந்தன.
ஒன்று மற்றதற்காகக் காத்திருந்தது,
மற்றதும் அப்படியே.

"இதைக் குறிப்பில் சேர்க்கவா?"
அன்றைக்கு நான் பேசிய ஒரே சொந்த வாக்கியம்.
விதானகே மெதுவாகச் சொன்னார்,
"அது சம்பவம், மிஸ். நாங்கள் பேசுவது அமைப்பு."
கெட்டவரில்லை.
மழைக்கு எனக்குத் தன் குடையைத் தந்தவர்.

மூன்று மொழியிலும் ஒப்பமிட்டார்கள்.
கினிகத்தேனைக்கு இறங்கும் பஸ்ஸில்
மடியில் விரித்தபோதுதான் கண்டேன்.
பெயர் முடிவாகாத வரிகளில்
'பொறுப்பு' என்று மட்டும் எழுதி
மீதியை வெறுமையாய் விட்டிருந்தேன்.
கட்டம் ஒடுங்கி
சொல் பாதியில் வெட்டுண்டு நின்றது.

கோபுரம் 47, அடிமண்: பொறு
கோபுரம் 47, கான்: பொறு
தாழ்ந்த கம்பி, இரவு நேரம்: பொறு

திருத்தலாம். ஒரு கடிதம் போதும்.
யாருக்கு எழுதுவதென்று
வளைவுக்கு வளைவு யோசித்துக்கொண்டு போனேன்.
எதிர்மலையில்
ஒரு டோர்ச் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது.
நின்றது.
மறுபடி ஏறியது.