பிசிறு

கிதீனியாவில் வெளியே விழுவது மழையா பனியா என்று
அதற்கே தெரியாத பிப்ரவரி இரவு.
சமையல் மேசைமேல் ஐந்து அக்ரிலிக் குழாய்கள்.
தேவை நான்கு. ஒன்று கூடுதலாக வாங்கியது.
கூடுதலாக வாங்கிய எதற்கும்
பிறகு ஒரு காரணம் வந்து சேரும்.

பகலில் நான் பல் செய்கிறவள்.
கணினியில் வரைந்து, பீங்கானில் சுட்டு,
முகம் பார்த்திராத வாய்களுக்கு அனுப்புகிறவள்.
பொய்ப்பல்லின் ஈறும் இதே அக்ரிலிக்தான்,
இளஞ்சிவப்புச் சாயம் போட்டது.
அதனால் இது எனக்கு விளையாட்டு என்று
லெஷெக்கிடம் சொல்லி வைத்திருந்தேன்.
சொல்லியிருக்க வேண்டாம்.

லெஷெக் கன்டெய்னர் துறைமுகத்தில் இரவு வேலை.
காலை ஆறரைக்கு வந்து படுப்பார்.
அப்போது என் கணினி கடைவாய்ப்பல் ஒன்றை
ஆயிரம் முறை திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்,
விசிறிகள் ஊளையிடும்.
ஏழு வருடமாகத் தலையணைக்கு அடியில் தலை வைத்துத் தூங்குகிறவருக்கு
இந்தத் தண்ணீர் வேலை.

பம்பிலிருந்து ரேடியேட்டர் வரை நூற்று எழுபத்து மூன்று மில்லிமீட்டர்.
அளந்தேன், மறுபடி அளந்தேன், அறுத்தேன்.
ரம்பத்தை அவசரப்படுத்தினால் அக்ரிலிக் உருகி அதன் பல்லில் ஒட்டும்;
அழுத்தினால் விளிம்பு சில்லாகத் தெறிக்கும்.
தூங்குகிற குழந்தைக்கு நகம் வெட்டும்போது
விரல் தானாகக் கண்டுபிடிக்குமே, அந்த அழுத்தம்.
கண்ணாடி போல வந்தது.
இரண்டு முனையும் பொருத்துவாய்க்குள் நுழைய
பத்துப் பத்து மில்லிமீட்டர் வேண்டும் என்பது
அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.
கூடுதல் குழாய்க்குக் காரணம் கிடைத்துவிட்டது.

உப்புத்தாள்: நானூறு, எண்ணூறு, இரண்டாயிரம்.
தண்ணீர் தொட்டுத் தொட்டு.
வெளி விளிம்பைச் சற்றுச் சாய்த்துத் தேய்க்க வேண்டும்.
கூராக விட்டால் உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் வளையத்தை
நுழையும்போதே நறுக்கிவிடும்,
நறுக்கியது நமக்குத் தெரியாது.
விரலால் தடவினேன். மழமழவென்றிருந்தது.
விரலை நான் நம்புவதில்லை.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்: இருந்தது ஒரு பிசிறு,
மீன் முள் அளவு.
இன்னும் பதினைந்து நிமிடம்.

வளைக்க வேண்டியது ஒன்று.
உள்ளே சிலிக்கான் கயிற்றைச் செருகி
சூட்டுக்காற்றில் உருட்டி உருட்டிக் காட்டினேன்.
விறைப்பாக இருந்தது சட்டென்று தளர்ந்தது.
ஊறுகாய் ஜாடியைச் சுற்றி மடக்கி,
ஆறும்வரை பிடித்திருந்தேன், மூக்கு அரித்தும்.
ஒரு சுருக்கம் இல்லை.
பெருமையில், ஆய்வகத்துப் பழக்கத்தில்,
ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன்.

வளைவில் முதலில் ஒரு கோடு.
பிறகு ஜன்னலில் உறைபனி படர்வதுபோல
சத்தமில்லாமல் நூறு கோடுகள்.
வளைத்த வலியை உள்ளே வைத்திருந்திருக்கிறது.
நான் சுத்தம் செய்ததும் சொல்லிவிட்டது.

மணி மூன்று. கடை இல்லை, குழாய் இல்லை.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன், பாட்டிலைப் பார்த்து.

பெட்டியின் அடியில் ஓர் எல்போ கிடந்தது.
அதை மூலையில் திருகினால் வளைவே வேண்டாம்;
நேர்க்குழாய் போதும். அளந்தேன்.
நுழைவதையும் சேர்த்து நூற்று ஐம்பத்தெட்டு.
குப்பைக்கூடையில் கைவிட்டு
நூற்று எழுபத்து மூன்றை எடுத்தேன்.
உருளைக்கிழங்குத் தோல் ஒட்டியிருந்தது.
தண்ணீரில் மட்டும் கழுவினேன்.

ஒவ்வொரு மூட்டின் கீழும் வெள்ளை டிஷ்யூ.
பம்பு மட்டும் ஓடியது, மீன்தொட்டி மூச்சுவிடுவதைப்போல.
குமிழ்கள் ஏறின, ஒன்றையொன்று விழுங்கின, காணாமல் போயின.
நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன்.

ஆறரைக்குக் கதவு.
லெஷெக் ஒன்றும் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்,
டிஷ்யூக்களைப் பார்த்தார், போய்ப் படுத்தார்.
கொஞ்ச நேரம் கழித்து இருட்டிலிருந்து:
"போக்னா, குழாய் சொட்டுகிறது."

பதறிக் குனிந்தேன். எட்டு மூட்டு, எட்டு டிஷ்யூ.
உதட்டில்கூட வைத்துப் பார்த்தேன். காய்ந்தே இருந்தன.
பிறகு எனக்கும் கேட்டது:
பாத்திரம் கழுவும் தொட்டியில், டப்,
நிதானமாக, டப்,
விசிறிச் சத்தத்துக்கு அடியில்
எத்தனை வருடமாகவோ.