கிளட்ச் மூடி

நானூறு நம்பர் தாளை நனைத்துத்
தேய்க்கத் தொடங்கியது வியாழக்கிழமை.
எஸ்டியின் கிளட்ச் மூடி
மடியில், பழைய கைலிமேல்,
அவித்து அறுத்த முட்டைப் பாதி போல.

விளாங்குடி வளைவில் விழுந்த கீறல்
எண்ணூறில் மெலிந்தது,
ஆயிரத்து இருநூறில் மயிரிழை ஆனது.
எனக்கும் முழங்காலில் ஒன்று உண்டு.
அதற்குத் தாள் விற்பதில்லை
நேதாஜி ரோட்டு ஹார்டுவேர்க் கடையில்.

போல்ட் குழிகளுக்குப் பழைய டூத்பிரஷ்;
அதில் இன்னும் கொஞ்சம் பற்பசை வாசம்.
பிறகு மெழுகு. பிறகு பனியன் துணி.
துணி கருக்கிறது.
வேறு துணி. அதுவும் கருக்கிறது.
"அழுக்கு இன்னும் போகலயா?"
கேட்டுக்கொண்டே பாண்டீஸ்வரி
மாடிக்கு ஏறுகிறாள், ஈரச்சேலை வாளியோடு.

அழுக்கு முதல் நாளே போய்விட்டது.
இது அலுமினியம்.
வெளுக்க வெளுக்கக்
கருப்பாய்க் கழன்று வருகிறது,
ரேகைகளில் ஏறுகிறது,
சோப்புக்கு மசியாமல்
ரசச்சோற்றில் பிசைபடுகிறது.

ஞாயிறு ராத்திரி
செல்லூர் முழுக்கக் கரண்ட் இல்லை.
பாலத்தில் போன பஸ்ஸின் வெளிச்சம்
மூடிக்குள் வளைந்து ஓடியது.
மூக்கு மட்டும் பெருத்த ஒருவன்
உள்ளிருந்து பார்த்தான்,
நெற்றியில் மசி.
துடைத்தேன்,
மூடியை.

திங்கள் காலை ஆரப்பாளையம் ஸ்டாண்டில்
யாரோ ஒருவர்
செருப்புக்காலை அதன்மேல் ஊன்றி
வார் மாட்டிக்கொண்டிருந்தார்.
வாய்வரை வந்தது.
வார் பிய்ந்திருந்தது, ஊக்கு குத்தியிருந்தார்,
ஊக்கு விலகி விலகிப் போனது.
சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன்.
சாவியும் கருத்திருந்தது.