சாட்சிப் பொருள்: பூசணிக்காய்

லைட் ஸ்திரீட் நீதிமன்றத்தில்
பதினேழு வருடமாக
அடுத்தவர் வாயில் குடியிருக்கிறேன்.
மொழிபெயர்ப்பாளர், மூன்றாம் நிலை.
கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டவள்.
பொய் வந்தால் பொய்யாகவே கொடுக்க வேண்டும்,
மடிப்புக் கலையாமல்.

நேற்று டத்தோ குணராஜா வழக்கு.
கூட்டுப் பணம், நூற்றுப் பன்னிரண்டு பேருடையது.
சாட்சி பூங்காவனம்,
பிறை தொழிற்சாலையில் கழிப்பறை கழுவுகிறவர்.
கூண்டேறும் முன் செருப்பைக் கழற்றினார்.
'போட்டுக்குங்க' என்றேன்.
'சாமி முன்னாலயா?' என்று நீதிபதியைக் காட்டினார்.
அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

'உங்கள் பணம் எங்கே போனது, தெரியுமா?'
'தெரியாம என்ன?
முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டாரு.'

சொன்னதைச் சொன்னபடி மலாயில் இறக்கிவைத்தேன்.
நீதிபதி பேனாவை நிறுத்தினார்.
'எந்த லாபு?'
டத்தோவின் வக்கீல் துள்ளி எழுந்தார்:
'ஆட்சேபம், புவான்.
பறிமுதல் பட்டியலில் லாபு எதுவும் இல்லை.'

(பூசணிக்கு மலாயில் லாபு.
ஒரு மகரமெய் ஒட்டிக்கொண்டால் லாபம்.
பதிவேட்டில் எதை எழுதினாலும்
கணக்கு இடிக்காது.)

'பழமொழி, புவான்' என்றேன்.
'பெரியதைச் சிறியதற்குள் ஒளிப்பது.'
'எவ்வளவு பெரியது? சாட்சியைக் கேளுங்கள்.'
கேட்டேன்.
'நாலு லட்ச வெள்ளி பெருசும்மா.'
'சோறு?'
'அஞ்சு கிலோ.
தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு பை அரிசி கொடுத்தாரு.
பையில அவர் படம்,
கும்பிட்டுக்கிட்டு.
அந்த வருசம் யாரும் கணக்குக் கேக்கல.'

மண்டபத்தில் விசிறி மட்டும் பேசியது.
டத்தோ வக்கீலின் காதில் தமிழில் முணுமுணுத்தார்:
'இவளுக்கு யாரு எழுதிக் கொடுத்தது?'
எனக்கும் கேட்டது.
என் வாய்க்குத்தான் சம்பளம், காதுக்கு இல்லை.

பதினேழு வருடத்தில் கற்றது கொஞ்சம்தான்.
சின்னத் திருடனுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை.
பெரிய திருடன்
மூன்று மொழியிலும் சும்மா இருக்கத் தெரிந்தவன்.
'உண்மையைச் சொல்' என்று எல்லோரையும் கேட்கிறார்கள்,
மாலை போட்டவரிடம் மட்டும்
'தங்கள் கருத்து?'

வழக்கு மார்ச்சுக்குத் தள்ளிப்போனது.
பூங்காவனம் செருப்பைத் தேடினார்.
ஒன்று பெஞ்சுக்கு அடியில்,
இன்னொன்று டத்தோவின் ஆள் காலடியில்.
'அதுவும் என்னுதுதான் தம்பி' என்றார்.
அதற்கு யாரும் சாட்சி கேட்கவில்லை.

மதியம் பினாங்கு ஸ்திரீட்டில் இலை போட்டார்கள்.
'இன்னிக்கு என்ன கூட்டு?'
'பூசணிக்கூட்டு, அக்கா.'
சிரிப்பை அடக்கியதில் புரையேறியது.
பையன் பயந்துபோய்
சோற்றை அள்ளி அதன்மேலேயே கொட்ட வந்தான்.
'தள்ளிப் போடுப்பா' என்றேன்,
'அது கண்ணுக்குத் தெரியட்டும்.'