செல்லாதவை

ஆறு மணிக்கு லியான்
பெண்டில் ஹில் பள்ளி மண்டபத்தைப் பூட்டினாள்.
வெளியே சொசேஜ் சுட்ட தட்டில்
வெங்காய வாசனை இன்னும் ஆறவில்லை.
பெட்டியைக் கவிழ்த்தோம்.
அட்டைத் தடுப்புக்குள் குனிந்து
ஊர் ஒருநாள் முழுக்க யோசித்ததெல்லாம்
பச்சைத் தாளாய் மேசையில் சரிந்தது.

ஏழு பெயர், ஏழு கட்டம்.
ஒன்று முதல் ஏழு வரை எண் பிசகக் கூடாது.
பிசகினால் என் பக்கத்துக் குவியல்.

அதில் பாதி வெறுந்தாள்.
இருபது டொலர் தண்டத்துக்குப் பயந்து
வந்து, மடித்து, போட்டுவிட்டுப் போனவர்கள்.
ஒருவர் எல்லாக் கட்டத்திலும் வாடகையை எழுதியிருந்தார்:
வாரம் அறுநூற்றெண்பது, ஏழு தடவை.
ஒரு நாய்ப் படம். நல்ல கை.
பிறகு ஒன்று, தமிழில்:
"ஸ்டேசன் லிஃப்ட் எட்டு மாசமா ஓடேல்லை.
என்ர முழங்காலுக்கு ஏழு பேரும் ஒண்டுதான்."

என்னவாம், என்று கேட்டான் சியோனே.
சொன்னேன்.
காலையிலிருந்து முகம் பார்க்காத கட்சி முகவர் மூவரும்
ஒன்றாய்ச் சிரித்தார்கள்.
நியாயம், என்றார் ஒருவர்.
செல்லாது, என்றாள் லியான்.
இரண்டும் சரி.

எட்டரைக்கு அந்தத் தாள் வந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
மறுபடி நான்கு.
மேலே மூடி, வால் இழுத்த நான்கு.
பிரம்படிக்கும் திருந்தாத என் நான்கு.
மத்தியானம் பதினைந்து நிமிட இடைவேளையில்
ஒரு கையில் பாண், மறு கையில் பென்சில்.

அங்கே இரண்டு தேர்தல்.
இரண்டு தரமும் வரிசை முடிவில்
"உங்கட வோட்டு போட்டாச்சு, அக்கா" என்றார்கள்.
யாரோ ஒருத்தி என் பெயரில்
பிழையே இல்லாமல் போட்டிருந்தாள்.
அது எண்ணப்பட்டது.
இங்கே பதினொரு வருடம் காத்து,
சத்தியம் செய்து,
குடியுரிமையோடு ஒரு செடியும் வாங்கி,
என் கையாலேயே போட்ட முதல் வோட்டு இது.

முகவர் எட்டிப் பார்த்தார்.
"செல்லாது" என்றேன்.
லிஃப்ட் தாளுக்கு மேலே வைத்தேன்.

மொத்தம் அறுபத்தொன்று.
இரண்டு தடவை எண்ணிக் கையெழுத்திட்டேன்.
யார் வென்றது என்று தெரியாமலே
பத்து மணிக்கு ஸ்டேசனுக்கு நடந்தேன்.

லிஃப்ட் கதவில் மஞ்சள் நாடா.
பக்கத்தில் ஒரு முறைப்பாட்டு இலக்கம்,
எட்டு மாத வெயிலில் வெளுத்தது.
திருப்பிக் கொடுக்க மறந்த பென்சில் காதில் இருந்தது.
பயணச்சீட்டில்லா ஊர், தாளும் இல்லை;
பாண் சுற்றிய கடதாசியை விரித்து எழுதினேன்.
அந்த இலக்கத்திலும் இரண்டு நான்கு.
ஒவ்வொன்றாய், நின்று, எழுதினேன்.